கூரையில்லாத காரில் அக்கா

என் அக்காவைத் தெரியாது என்று ஒருமுறை சொன்னேன். அவள் எனக்கு எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. இப்போது எழுபத்திரண்டு.

நான் வாழும் இங்கிலாந்துச் சிற்றூரில் ஏப்ரலில் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்தால் போதும், பக்கத்து வீட்டுக்காரர் தம் சின்னக் காரின் துணிக்கூரையை மடித்துவிட்டு, கழுத்தில் கம்பளிச் சால்வையைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். குளிரில் நடுங்கியபடி வெயில் காய்கிற இந்த வழக்கம் எனக்கு இன்னும் பழகவில்லை. ஒருநாள் என்னையும் அழைத்தார். மறுத்தேன். “காற்று உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதோ?” என்று அக்கறையாகக் கேட்டார். ஆமென்று சொல்லிவைத்தேன். அந்த மாதிரிக் காரில் ஒளிந்துகொள்ள இடமில்லை என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது? முப்பது வருடமாக அடுத்தடுத்த வீடு. எனக்கு ஓர் அக்கா இருப்பதே அவருக்குத் தெரியாது. கேட்காமலிருப்பது அங்கே நாகரிகம். யாரும் கேட்காத நாடு எனக்கு வசதியாகவும் இருந்தது.

இலங்கையில், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் என் கொழும்பு நண்பன் தன் தகப்பனாரின் சிவப்புக் காரைக் கொண்டுவந்தான். இரண்டே இருக்கை, கூரையில்லை. நாவலப்பிட்டி, ஹட்டன், நுவரெலியா வழியாகக் கிழக்குக் கடற்கரைவரை போவது திட்டம். என் அப்பா நாவலப்பிட்டியில் கடை வைத்திருப்பதாக அவனிடம் சொல்லியிருந்தேன். உண்மையில் அப்பாவும் அக்காவும் தேயிலைத் தோட்டத்தில் கூலிவேலை செய்தார்கள். அம்மா இறந்தபோது, நான் பள்ளிக்கூடம் போவதற்காகத் தன் படிப்பை விட்டுக் கூடையை மாட்டிக்கொண்டவள் அக்கா. எங்கள் தோட்டத்தைத் தாண்டித்தான் ஹட்டன் பாதை ஏறுகிறது. ஒரு மலையில் கொழுந்தெடுத்தால் மறுபடி அதே மலைக்கு வர ஏழெட்டு நாளாகும். அந்தக் கணக்கைப் போட்டு, அன்று அக்கா மேல்மலையில் இருப்பாள் என்ற தைரியத்தில்தான் கிளம்பினேன். இடையில் மழை பெய்து கொழுந்து முந்திக்கொண்டதும், அன்றைக்கு ரோட்டோர மலைக்கு முறை மாறியிருந்ததும் எனக்குத் தெரியாது.

ஏற்றத்தில் கார் கொதித்து நின்றது. பெண்கள் கொழுந்து நிறுக்க ரோட்டோரம் இறங்கும் நேரம். தான் குடிக்க வைத்திருந்த தண்ணீர்ப் போத்தலை நீட்டிக்கொண்டு ஒருத்தி வந்தாள். அக்கா. என்னைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. “உனக்குத் தெரிந்தவளா?” என்று நண்பன் ஆங்கிலத்தில் கேட்டான். நான் தமிழில் பதில் சொன்னேன்: “தெரியாது.” அவள் புரிந்துகொண்டு விலகிப்போகட்டும் என்றுதான் தமிழில் சொன்னேன். அவள் போத்தலை நண்பனிடம் கொடுத்துவிட்டு, “பாத்துப் போங்க ஐயா” என்றாள். எங்கள் இருவருக்கும் சேர்த்து.

விடுமுறையில் வீட்டுக்குப் போனேன். வழக்கம்போலச் சோறு போட்டாள். அதைப்பற்றி ஒரு சொல் இல்லை. பிறகு நான் இங்கிலாந்து போனேன். அவள் கல்யாணமாகி வேறு தோட்டத்துக்குப் போனாள். இரண்டு முறை ஊருக்கு வந்தபோதும் அவளைக் கண்டிக்கு வரவழைத்துத்தான் பார்த்தேன். அவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

இந்த முறை ஊருக்கு வந்ததும் கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில், கல்யாணப் படம் எடுக்க ஒரு பழைய கூரையில்லாத காரை வாடகைக்கு விடும் முஸ்லிம் பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடித்தேன்.

“மாப்பிள்ள நீங்களா சேர்?” என்றார்.

“கல்யாணமில்லை. அக்காவைக் கூட்டிக்கொண்டு கடல்வரைக்கும் போகவேண்டும்.”

“அரை மணித்தியாலம் கண்டி வாவிய சுத்துற கார் சேர் இது. மலை ஏறிடும். எறங்குறது அல்லாஹ்ட கையில.”

அந்தக் காரை ஓட்டிக்கொண்டு அக்காவின் லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, முதன்முதலாகப் போனேன். பெண்கள் மலைக்குப் போயிருந்ததால் வரிசை வெறிச்சோடியிருந்தது. அவள் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

“அக்கா, அன்னைக்கு ரோட்டுல ஒன்னயத் தெரியாதுன்னு சொன்னேனே. என்னய மன்னிச்சிரு.”

கை நிற்கவில்லை. “அம்பது வருசமா தொண்டையிலயே வச்சிருந்தியாக்கும். அதச் சொல்ல மூடியில்லாத காரு வேணுமா? கிறுக்கா.”

ஆனாலும் சேலை மாற்றி, தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு வந்து ஏறினாள். வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினேன். எல்லோரும் எங்களைப் பார்க்கவேண்டும், இவர் யார் என்று கேட்கவேண்டும்.

“ஏன்டா சாமி தேராட்டம் உருட்டுற?” என்றாள்.

அடுத்த வளைவில் பஸ் நிற்குமிடத்தில் ஒரு கிழவி முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அக்கா நிறுத்தச் சொன்னாள்.

“அஞ்சலை, இன்னும் போகலையாடி கிளினிக்குக்கு?”

“பஸ்ஸக் காணோமே. வெடியக்காலம் வந்தவ நானு.”

அக்கா இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். “நீ ஏறு.”

“அக்கா, நம்ம கடலுக்கு…”

“கடலு எங்கயும் போயிராது. இவள நாவலப்பிட்டி ஆஸ்பத்திரியில விட்டுட்டு பஸ் ஸ்டாண்டுல நில்லு. நான் பஸ்ஸுல வர்றேன்.”

என் இருக்கை போக இருந்தது ஓர் இருக்கைதான். காரைத் திருப்பினேன்.

“பாக்கியத்துக்கு நீங்க எப்புடிங்க பழக்கம்?” என்று அக்காவின் பெயரைச் சொல்லி அஞ்சலை கேட்டாள்.

“நான் அதோட தம்பி.”

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அதுக்கு யாருமில்லையே ஐயா. முப்பது வருசமா ஒரே லயம். ஒரு தம்பி இருந்து, எளவயசுலயே செத்துட்டதாச் சொல்லும்.”

காரை ஓரங்கட்டினேன். “சாகல. நான்தான் அது.”

“அப்ப ஏன் ஒருநாளும் இந்தப் பக்கம் வரல?”

மறுபடி கிளப்பி, ஆஸ்பத்திரி வாசல்வரை எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர்ப் போத்தலையும் சொன்னேன். இறங்கும்போது அவள் சொன்னாள்: “என்கிட்டப் போயி சொல்லிட்டீங்களே. அந்திக்குள்ள லயம் பூராவும் தெரிஞ்சிரும்.”

“தெரியட்டும்.”

பஸ் ஸ்டாண்டில் மூன்றாவது பஸ்ஸில் அக்கா வந்தாள்.

“அவ என்னா கேட்டா?”

“நான் யாருன்னு கேட்டாங்க. தம்பின்னு சொன்னேன்.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. “உசுரோட இருக்கான்னு சொன்னா, ஏன் வர்றதில்லன்னு கேப்பாங்க. செத்துட்டான்னா மேல கேக்க மாட்டாங்க. அதான் சொன்னேன்.” தலையில் துவாயை இறுக்கிக்கொண்டு, “இனி எல்லாரும் என்னயக் கேப்பாங்க. நீ எப்ப திரும்பிப் போற?”

“வெள்ளிக்கிழமை.”

அவள் கதவைத் திறந்து இருக்கையில் பக்கவாட்டில் உட்கார்ந்தாள். கால்கள் இரண்டும் வெளியே ரோட்டில் இருந்தன. போகிறவர்கள் எங்களைச் சுற்றி நடந்தார்கள். சிலர் நின்று பார்த்தார்கள்.

“போவமா அக்கா?”

“கொஞ்சம் இரு” என்றாள்.

சாவியில் கை வைத்தபடி இருந்தேன். அவள் காலை உள்ளே எடுக்கவுமில்லை, எழுந்து போகவுமில்லை.