இரண்டு வாரம்தானே என்றேன்

என் அக்கா பிறந்தபோது சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரே நாடு. அண்ணனும் நானும் பிறந்தபோது அவை இரண்டு நாடுகள். மூவருக்கும் ஒரே அப்பா, ஒரே அம்மா, வளர்ந்ததும் ஒரே ரயில்வே குவாட்டர்ஸில்தான்.

அப்பா மலேசிய ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் தொழிலாளி. குவாட்டர்ஸ் சிங்கப்பூரில், புக்கிட் தீமா பக்கம் இருந்தது. அறுபத்தைந்தில் நாடுகள் பிரிந்தபோது தண்டவாளத்தை யாரும் பிரிக்கவில்லை. அது சிங்கப்பூருக்குள் ஓடினாலும் மலேசியாவுக்கே சொந்தமாக இருந்தது. அதில் வேலை செய்த அப்பாவும் மலேசியராகவே இருந்துவிட்டார். அம்மா பிரசவத்துக்கு மலேசியாவில், குளுவாங்கில் இருந்த தாய் வீட்டுக்குப் போவாள். அண்ணனும் நானும் அப்படி அங்கே பிறந்தவர்கள். அக்கா மட்டும் நாள் முந்திவிட்டதால் சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் பிறந்தாள். அதனால் அவள் சிங்கப்பூர்க்காரி, நாங்கள் இருவரும் மலேசியர்கள். சின்ன வயதில் இது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. சண்டை வந்தால் அண்ணன் அவளிடம், “உன் நாட்டுக்குப் போ” என்பான். “இதுதான்டா என் நாடு, நீ போ” என்பாள் அவள்.

அப்பா ஓய்வு பெற்றதும் ஜொகூர் பாருவில் ஒரு வீடு பார்த்துக் குடிபோனோம். அக்கா கல்யாணமாகி உட்லண்ட்ஸில் இருந்தாள். நடுவே ஒரு கிலோமீட்டர் கடல், அதன்மேல் ஒரு பாலம். சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வந்துவிடுவாள். அப்பா போன பிறகும், அவள் கணவர் போன பிறகும் அது நிற்கவில்லை. அம்மாவின் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது அவள் வேலை. அம்மாவோடு இருந்த அண்ணனுக்கு அதெல்லாம் வராது.

நான் கல்யாணமாகி ஒஸ்லோவுக்கு வந்தேன். மகள் பிறந்த பிறகு நார்வே குடியுரிமை எடுத்தேன். அப்போதைய சட்டப்படி பழையதை விட்டுக்கொடுக்க வேண்டும். தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னேன். “அப்ப நீ இனிமே இங்க விருந்தாளியாத்தான் வரணுமா?” என்றாள். அதெல்லாம் வெறும் காகிதம்தான் அம்மா என்று சொன்னேன். நானும் அப்படித்தான் நம்பினேன்.

பெருந்தொற்று வந்த மார்ச் மாதத்தில் ஒஸ்லோவில் பள்ளிகளை மூடி ஒரு வாரம்கூட ஆகவில்லை. காலையில் மகளுக்கு ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தபோது அக்கா அழைத்தாள். அங்கே மத்தியானம். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது. அவள் அங்கே வார்டு உதவியாளராக இருந்தாள்.

“இன்னியோட பாலத்தை மூடுறாங்களாம். நான் இப்பவே கிளம்பி அம்மாகிட்ட போயிடவா?”

“எத்தனை நாளைக்காம்?”

“ரெண்டு வாரம்னு சொல்றாங்க.”

“ரெண்டு வாரம்தானே அக்கா. இந்த நேரத்துல ஆஸ்பத்திரில உன்னை விடுவாங்களா? அங்க இருந்து நோயைக் கொண்டுபோய் அம்மாவுக்குக் கொடுத்துட்டா என்ன பண்ணுவ? அண்ணன் இருக்கான்ல.”

“மனசு ஒரு மாதிரியா இருக்கு.”

“போகாத. நான் சொல்றேன், போகாத.”

சரி என்றாள். சின்ன வயதிலிருந்தே படித்தவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று என்னை நம்புகிறவள் அவள்.

இரண்டு வாரம் நான்கு வாரமானது, பிறகு யாரும் கணக்கு வைக்கவில்லை. அம்மாவுக்கு ஏற்கெனவே இருதயம் பலவீனம். ஆகஸ்டில் கால் வீங்கியது. செப்டம்பரில் படுத்துவிட்டாள். அண்ணன் கஞ்சி வைத்துக் கொடுத்தான், துணி மாற்றினான், தனியாகவே எல்லாம் செய்தான். வீடியோவில் அம்மா அவனைப் பார்க்க மாட்டாள், வாசல் பக்கமே பார்ப்பாள். “சனிக்கிழமை ஆச்சா?” என்று கேட்பாள். அக்கா விண்ணப்பத்துக்கு மேல் விண்ணப்பம் போட்டாள். ஒரு படிவத்தில் டாக்டர் கடிதம் இல்லை என்றார்கள், கடிதம் வந்தபோது அதன் தேதி பழையது என்றார்கள். நான் வெளிநாட்டுக்காரி. எனக்கு விண்ணப்பம் போடவே வழி தெரியவில்லை.

அக்டோபரில் அம்மா போய்விட்டாள். சடங்கு நடந்தபோது இங்கே காலை நேரம், ஜன்னலுக்கு வெளியே நாங்கள் இருக்கும் புருசெத்தின் அடுக்குமாடிகளுக்கு நடுவில் மழை தூறிக்கொண்டிருந்தது. சடங்கை எங்களுக்கு வீடியோவில் காட்ட, அண்ணனின் நண்பர் ஒருவர் ஃபோனைப் பிடித்துக்கொண்டார். அக்காவும் அதே அழைப்பில் இருந்தாள். அவள் வீட்டில் இல்லை, உட்லண்ட்ஸ் கடற்கரைக்கு வந்து நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஜொகூரின் கட்டடங்கள் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தன. கடலைப் பார்த்துக் கும்பிட்டாள், பிறகு ஃபோனைப் பார்த்துக் கும்பிட்டாள். எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் மாறி மாறித் திரும்பினாள். காற்றுச் சத்தத்தில் அவள் அழுதது எனக்குக் கேட்கவில்லை.

அக்காவுக்கு அனுமதிக் கடிதம் அடுத்த வாரம் வந்தது.

கீழ்த்தளத்தில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா சோறும் பருப்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார். போர்க்காலத்தில் தன் தாயின் சாவுக்குப் போக முடியாமல் இதே கட்டடத்தில் இருந்தவர்.

“கொஞ்ச நாளையில ஆறும் எண்டு சொல்ல மாட்டன்,” என்றார். “எனக்கு ஆறேல்லை. சாப்பிடுங்கோ.”

இரண்டு வருடம் கழித்துப் பாலம் திறந்தது. அந்தக் கோடையில் நான் சிங்கப்பூரில் இறங்கி, அக்காவோடு பஸ் ஏறினேன். அவள் ஒரு பையில் அண்ணனுக்குப் பிடித்த பிஸ்கட்டும் அம்மா படத்துக்குப் போட மாலையும் வைத்திருந்தாள். அந்த இரண்டு வருடத்தில் அண்ணன் அவளிடம் நாலு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. நேரில் பார்த்தால் சரியாகிவிடும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அண்ணன் கேட்டைத் திறந்தான். என் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தான். பிறகு திரும்பி வந்து கேட்டில் கை வைத்தபடி நின்றான்.

“நீ இப்ப எதுக்கு வந்த?”

“தம்பி...”

“மூடுறதுக்கு முன்னாடி ஒரு நாள் இருந்துச்சு. ஊர்ல உள்ளவன் எல்லாம் அங்கயும் இங்கயும் ஓடினான். நீ வரல. கேட்டா வேலைன்னு சொன்ன. இப்ப இங்க பாக்கறதுக்கு யாரு இருக்கா?”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. ஒருமுறை பார்த்திருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று பிற்பாடு பலமுறை எனக்கு நானே சமாதானம் சொல்லியிருக்கிறேன். அவள் பையைக் கேட்டுக்கு உள்ளே வைத்தாள், வெயிலில் நடந்து பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். நான் உள்ளே போனேன். அண்ணன் காப்பி போட்டுக் கொடுத்தான். குடித்தேன்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரையும் தனித்தனியாக அழைப்பேன். அக்காவுக்கு முட்டிவலி என்பது அண்ணனுக்கு என் மூலம்தான் தெரியும். அண்ணன் கண் ஆபரேஷன் செய்துகொண்டது அக்காவுக்கும் அப்படித்தான். அவன் நேராகக் கேட்க மாட்டான். “அங்க எல்லாம் எப்படி?” என்பான். அவன் கேட்டது ஒஸ்லோவைப் பற்றியில்லை என்று எனக்குத் தெரியும்.

போன குளிர்காலத்தில் மகளின் வகுப்பில் நார்வேயும் ஸ்வீடனும் சண்டையில்லாமல் பிரிந்த வரலாற்றைப் படித்தார்கள். அப்படிப் பிரிந்த வேறு இரண்டு நாடுகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஆசிரியர் சொல்ல, அவள் எங்கள் இரண்டு நாடுகளை எடுத்தாள்.

“அம்மா, நான் மாமாவோட கதைக்கலாமா? பேட்டி எடுத்தா நல்ல காரக்தர் கிடைக்கும்.”

காரக்தர் என்றால் இங்கே மதிப்பெண். அவள் தமிழ் இங்கே யாழ்ப்பாணத்தார் நடத்தும் தமிழ்ப்பள்ளியில் படித்தது. “கதைக்கலாமா” என்று கேட்டாலே அண்ணன் சிரிப்பான். அன்றும் சிரித்தான். அவள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்: “மாமா, ரெண்டு நாடும் பிரிஞ்சதால உங்கட குடும்பத்துக்கு என்ன நடந்தது?”

“ஒண்ணும் நடக்கலம்மா. அம்பது வருஷத்துக்கு மேல போயிட்டும் வந்துட்டும்தான் இருந்தோம். உன் பெரியம்மாதான் கடைசில அவ நாடே பெரிசுன்னு இருந்துட்டா. பெத்த அம்மாவை விட.”

மகள் தலையாட்டிக்கொண்டே அதை நார்வேஜிய மொழியில் எழுதினாள். என் அக்கா இப்படி ஒரு பள்ளி நோட்டில் இன்னொரு மொழியில் போய் உட்காருவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஃபோனை வாங்கிக்கொண்டு படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

“அண்ணா, அவ வரேன்னுதான் சொன்னா. என்கிட்ட கேட்டா. நான்தான் போகாதன்னு சொன்னேன்.”

திரையில் அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான்.

“இதை இத்தனை வருஷமா வச்சிருந்தியா?”

“ஆமா.”

“அவ வாசல்ல நின்னப்ப நீ உள்ள வந்து காப்பி குடிச்ச.”

அதுதான் அவன் என்னிடம் கடைசியாகச் சொன்னது. அடுத்த ஞாயிறு எடுக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் எடுக்கவில்லை.

அண்ணனிடம் சொல்லிவிட்டதை அக்காவிடம் சொன்னால் சந்தோஷப்படுவாள், குறைந்தபட்சம் மனம் லேசாகும் என்று நினைத்தேன். அவள் கோபப்பட்டாள். என்மேல் அவள் கோபப்பட்டு அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

“எதுக்குச் சொன்ன? உன்னைக் காட்டிக் கொடுக்கணும்னா நான் அன்னைக்கே கேட்டுல நின்னு சொல்லியிருக்க மாட்டேனா? அவன் என்மேல கோவமா இருந்தாலும் உன்கிட்ட பேசிட்டிருந்தான். சாப்பிட்டானா, உடம்பு எப்படின்னு உன்கிட்ட இருந்து எனக்குத் தெரிஞ்சிட்டிருந்துச்சு. இப்ப நான் யாருகிட்ட கேப்பேன்?”

அண்ணனுக்கும் அக்காவுக்கும் நடுவே வழி திறந்துவிடுவதாக நினைத்தேன். உண்மையில் என் பாரத்தைத்தான் இறக்கிவைத்திருக்கிறேன், அதுவும் அக்காவின் தலையில்.

மகள் வகுப்பில் பேசினாள். மாமா சொன்னதை அவளாகவே விட்டுவிட்டாளாம். ஏன் என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் அக்காவுக்கு மூச்சுத் திணறல் வந்து, அவள் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன். வார்டு எண்ணையும் பார்வையாளர் நேரத்தையும் எழுதினேன். பாலத்தில் கூட்டமில்லாத நேரத்தில் அரை மணியில் போய்விடலாம். அவன் படித்துவிட்டான் என்று ஃபோன் காட்டியது. பதில் வரவில்லை.

அன்று அக்காவிடம் பேசும்போது, “அண்ணன் கேட்டான், வரேன்னு சொன்னான்” என்றேன்.

ஆக்ஸிஜன் முகமூடிக்குள்ளிருந்து அவள் குரல் சிறியதாக வந்தது.

“பொய் சொல்லாத,” என்றாள். “எனக்கு அவனைத் தெரியும்.”