சோலையம்மாளுக்குக் கோச்சு வேலை

சோலையம்மாளுக்கு மாலத்தீவில் கோச் வேலை கிடைத்தபோது அவளைவிட அதிகமாகக் குதித்தவள் நான்தான். போடியில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் கணக்கு டீச்சர், அவள் விளையாட்டு டீச்சர். அவள் வேலை தற்காலிகம். ஒவ்வொரு ஜூன் மாதமும் "இந்த வருசம் நிரந்தரம் பண்ணிடலாம்" என்பார்கள், பண்ண மாட்டார்கள். அவள் தயார் செய்த த்ரோபால் அணி மாவட்டக் கோப்பையைத் தூக்கி வந்த அன்று மேடையில் இருந்த எல்லாருக்கும் மாலை போட்டார்கள். அவளை மைக்கைத் தூக்கி வைக்கச் சொன்னார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

மாலத்தீவுப் பள்ளி ஒன்றுக்கு ஆள் எடுக்கிறார்கள், நேர்காணல் திருவனந்தபுரத்தில் என்று பேப்பரில் பார்த்துச் சொன்னவளும் நான்தான். அவளுடைய இங்கிலீஷ் தட்டுத் தடுமாறும். ஆனால் ஏலத்தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. கேள்வி கேட்டவரும் மலையாளி. மைதானத்தில் சொல்லிக் கொடுத்துக் காட்டு என்றாராம். இவள், நேர்காணலுக்கு வந்திருந்த மற்றவர்களையே இரண்டு அணியாகப் பிரித்து, வேர்க்க விறுவிறுக்க ஓட விட்டிருக்கிறாள். 1984 செப்டம்பரில் தந்தி வந்துவிட்டது.

அப்புறம்தான் வினை. அவள் அப்பா ஒச்சப்பன் போடிமெட்டுக்கு மேலே தோட்டத்தில் கூலி. மகள் டீச்சர் என்று அவருக்குத் தெரியும். என்ன டீச்சர் என்று அவர் கேட்டதில்லை, இவளும் சொன்னதில்லை. வயசுக்கு வந்த பிறகு பந்தைத் தொட்டதற்காக ஒருமுறை விளக்குமாறு பிய்ந்திருக்கிறது. அந்த மனிதரிடம் தோட்டத்து ஜீப் ஓட்டும் திருப்பதி என்பவன் போய், "கோச்சுன்னா ரயிலு பொட்டிண்ணே. ஒங்க மகளுக்கு வெளிநாட்டு ரயில்வேயில உத்தியோகம்" என்று அளந்துவிட்டான். ஒச்சப்பன் கூலிக்காரர்களின் லைன் வீடுகளுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்து, மகளுக்குச் சம்மதமும் கொடுத்துவிட்டார்.

அந்தத் தீவில் தண்டவாளமே கிடையாது. உண்மையைச் சொன்னால் மறுத்துவிடுவார், அவர் மறுத்தால் இவள் போகமாட்டாள். வாயைத் திறக்காமல் போய்ச் சேர் என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

கிளம்புகிற அன்று ஒச்சப்பன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போடி ஸ்டேஷனுக்கு வந்தார். மதுரை வண்டி நின்றிருந்தது. நேராகக் கார்டிடம் போனார்.

"சார், எம் மக வெளிநாட்டுல கோச்சு சோலிக்குப் போகுது. இந்தப் பொட்டிய உள்ள வெளிய கொஞ்சம் காட்டிக் குடுங்க. அங்க போயி முழிக்கக் கூடாதுல்ல."

கார்டு பேந்தப் பேந்த விழித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. சோலையம்மாள் அவர் கையைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்து வந்தாள்.

"ரயிலு இல்லைய்யா. பொம்பளப் புள்ளைகளுக்குப் பந்து வெளையாடச் சொல்லிக் குடுக்கணும். அதுக்குப் பேருதான் கோச்சு. பொய் சொல்லிட்டுப் போக மனசு வரல. வேணாம்னா சொல்லுங்க, பைய எறக்கிர்றேன்."

கிறுக்கச்சி, வண்டி கிளம்பும் நேரத்திலா என்று நான் பல்லைக் கடித்தேன். ஒச்சப்பனின் முகம் இறுகிவிட்டது.

"பந்தா? அத எப்பிடி ஆத்தா சொல்லிக் குடுப்ப?"

அவள் கைப்பையிலிருந்து விசிலை எடுத்தாள். "இத ஊதுனா ஓடணும். மறுக்க ஊதுனா நிக்கணும்."

"யாரு, நீ ஊதுனா?"

"ஆமய்யா."

அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நெனவு தெரிஞ்ச நாள்ல இருந்து கங்காணி ஊதுற ஊத்துக்கு ஓடிக்கிட்டே இருக்கேன். ஒங்க ஆத்தா சாகுற மட்டும் ஓடுனா. நம்ம வகையறாவுல இத வாயில வச்ச ஆளு கெடையாது."

விசிலை அவள் கையில் திணித்தார்.

"ஊது, பாப்போம்."

"இங்கயாய்யா?"

"ஊதுங்கிறேன்ல."

மைதானத்தில் ஊதுகிற மாதிரியே ஊதினாள். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸைப் போட்டுவிட்டு வண்டிக்கு ஓடினார்கள். மூட்டை வைத்திருந்தவர்கள் ஓடினார்கள். ஏலக்காய் முதலாளி ஒருவர் ஒற்றைச் செருப்பைப் பிளாட்பாரத்தில் விட்டுவிட்டு ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டார். "யாரும்மா அது?" என்று கார்டு கத்திக்கொண்டு வந்தார்.

ஒச்சப்பன் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

"மொதலாளி ஓடுறாரு பாரு ஆத்தா! நீ போயிட்டு வா. நல்லா ஊது."