ஜெபமாலை வீட்டுக் கணினி

2025ஆம் ஆண்டு ஜூன் எட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தே முக்கால் மணிக்கு ஜெபமாலையை நான் முதன்முதலாகப் பார்த்தேன். தங்கச்சிமடத்தில் திருப்பலி முடிந்த கையோடு பேருந்து ஏறி, உச்சிப்புளியில் என் வீட்டு வாசலுக்கு வந்திருந்தார். ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி. தண்ணீர் குடித்து முடிக்கும்வரைகூட உட்காரவில்லை.

அவர் வீட்டுக் கணினி பதினைந்து ஆண்டுகள் பழையது. போட்டால் ஓடத் தொடங்குகிறது, ஒரு தேநீர் கொதிக்கும் நேரத்தில் தானாக அணைந்துவிடுகிறது. பழுதுபார்க்கும் பாண்டித்துரை, பெட்டியைக் கடைக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். இவர் மறுத்துவிட்டார். அப்படியானால் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் இதே மாதிரிக் கணினி சும்மா கிடக்கிறது, உதிரி பாகங்களையாவது கேட்டுப் பாருங்கள் என்று அவர் என்னைக் கைகாட்டிவிட்டார்.

கடைக்குக் கொண்டுபோக என்ன தடை என்று கேட்டேன். சற்றுத் தயங்கியபின் சொன்னார்.

“எட்டுப் படகோட பாரு அதுக்குள்ள கிடக்கு சார். கடையில எவனாச்சும் காப்பி எடுத்தா நான் ஊருக்குள்ள தலை காட்ட முடியுமா?”

கடலடியில் உயர்ந்து நிற்கும் பாறைத் திட்டைப் ‘பார்’ என்பார்கள். அதன் ஓரத்தில் மீன் கூடும். அறியாமல் மேலே வலை இழுத்தால் வலை கிழியும். ஒரு பார் இருக்கும் இடத்தைக் கண்டறியப் பல பருவங்கள் ஆகும். ஆகவே அந்த இடத்தின் எண்களை எந்தப் படகுக்காரரும் வெளியில் சொல்வதில்லை. படகிலுள்ள ஜிபிஎஸ் கருவி பழுதானால் எண்கள் போய்விடுமே என்று, எட்டுப் பேர் தத்தம் எண்களை ஜெபமாலையின் கணினியில் பதிந்து வைத்திருந்தனர். ஒவ்வொருவர் எண்களும் தனிக் கோப்பில், அதைத் தாள் என்பார்கள்; ஒவ்வொரு தாளுக்கும் தனித்தனிக் கடவுச்சொல். உரியவர் அதைத் தட்டும்போது ஜெபமாலை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்.

மீன்பிடித் தடைக்காலம் அந்த வார இறுதியில் முடிய இருந்தது. சகாயவினோத் என்ற இளைஞனின் கருவி கெட்டுப்போய், அவன் புதியது வாங்கியிருந்தான். அது வெறுமையாக இருந்தது. அவனுடைய பார்கள் அநேகமாக எல்லாம் இறந்துபோன தந்தை கண்டுபிடித்தவை. அவை இப்போது இந்தக் கணினியில் மட்டுமே இருந்தன. அதைச் சொல்லும்போது ஜெபமாலையின் விரல்கள் முந்தானை நுனியைச் சுருட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தன.

மறுநாள் மாலை என் கணினியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பாம்பன் பாலத்தைக் கடந்தேன். ஜெபமாலையின் கணவர் பெஞ்சமின் வாசலில் காத்திருந்தார். விசைப்படகில் எஞ்சின் ஓட்டியவர். முழங்கால் ஒத்துழைக்காததால் சொந்தப் படகை விற்றுவிட்டுக் கரையில் இருப்பவர். பெட்டியின் மூடியைக் கழற்றினேன். உள்ளே விசிறியும் அதனடியிலுள்ள உலோகத் தகடுகளும் கறுப்புக் களிம்பு பூசியதுபோல் அடைத்துக் கிடந்தன. தொட்டுப் பார்த்தேன். தேங்காய் எண்ணெய் வாசம் வந்தது.

“நாந்தான் தடவுனேன்,” என்றார் பெஞ்சமின், சற்றுப் பெருமையாகவே. “வருசா வருசம் தடைக்காலத்துல எஞ்சினுக்குத் தடவுற மாதிரி இதுக்கும் ஒரு கை. உப்புக் காத்துல இரும்பு வேற எப்பிடி நிக்கும்?”

எண்ணெயில் தூசு ஒட்டி, காற்று புகாமல் கணினி சூடேறி அணைகிறது என்பதை இயன்றவரை மென்மையாக விளக்கினேன். அவர் முகம் வாடியது.  கழற்றிய பழைய விசிறியை ஜெபமாலை ஒரு செய்தித்தாளில் சுற்றி அலமாரியில் வைத்தார்.

களிம்பைத் துடைத்தெடுத்து, என் கணினியின் விசிறியைப் பொருத்தினேன். இம்முறை அணையவில்லை. படகுக்காரர்களுக்குச் செய்தி போயிற்று. ஒருவர் பின் ஒருவராக வந்து தத்தம் தாளைத் திறந்து சரிபார்த்தனர். ஒவ்வொரு முறையும் நானும் ஜெபமாலையோடு சேர்ந்து சுவரைப் பார்த்து நின்றேன். ஏழு தாள்கள் திறந்தன. சகாயவினோத்தின் தாள் திறக்கவில்லை.

சென்ற மாதம் அவன், தடைக்காலத்துக்கு முன் கண்ட இரண்டு புதிய இடங்களைச் சேர்த்துப் பதியும் வேளையில்தான் கணினி முதன்முதலாக அணைந்திருக்கிறது. கோப்பு அப்போதே சிதைந்திருக்க வேண்டும். அந்தக் கோப்பை மீட்கப் பலவாறு முயன்றேன். எனக்குத் தெரிந்த வழிகள் தீர்ந்தபின், பாண்டித்துரையைத் தொலைபேசியில் அழைத்து அவர் சொன்னவற்றையும் செய்தேன். பயனில்லை.

“இன்னும் ஒருக்கா பாருங்க சித்தி,” என்றான் சகாயவினோத்.  “அய்யா பாரு இல்லாம நான் எங்கன போய் வலையப் போடுவேன்?”

 ஜெபமாலை அவனை நாற்காலியில் அமரச் சொல்லி, தம் வீட்டுத் தாளைத் திறந்தார். எங்களைத் திரும்பி நிற்கச் சொன்னார். படகு போன பிறகும் பெஞ்சமின் விடாமல் காத்துவந்த பார்கள் அதில் இருந்தன. மருமகன் என்றாவது படகு வாங்கினால் கொடுப்பதற்காக வைத்திருந்தவை.

“ஏ ஜெபமால, அது நம்மது,” என்றார் பெஞ்சமின், சுவரைப் பார்த்தபடியே.

“எண்ணெயும் நம்மதுதான்.”

 சகாயவினோத் நான்கு இடங்களைக் கருவியில் ஏற்றிக்கொண்டான். பிறர் பாரை வாங்கியவன், தான் கண்டறிந்த பாரைத் திருப்பித் தர வேண்டும், ஒன்றுக்கு ஒன்று. அது அங்குள்ள முறை. கிறிஸ்துமஸுக்குள் தந்துவிடுவதாகச் சொல்லிப் போனான். படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பும்வரை ஜெபமாலை சரியாகச் சாப்பிடவில்லை என்று பெஞ்சமின் பின்னர் என்னிடம் சொன்னார். வலை கிழியாமல் வந்தது. மீனும் ஓரளவு பட்டது.

புதுக் கணினி வாங்குவதா என்ற கேள்வி அதன்பிறகு ஜெபமாலையை வாட்டியது. பழையது எந்த நாளிலும் நின்றுவிடும். புதியதோ, எடுத்த எடுப்பிலேயே இணையம் கேட்கும். இணையத்தில் போனால் பார்கள் எவர் கைக்குப் போகும் என்று யார் சொல்ல முடியும்? எட்டுப் பேரையும் கூட்டிக் கேட்டார். முடிவை அவரிடமே விட்டார்கள். அது அவர் கவலையைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. கடைசியில் இராமநாதபுரத்துக் கடைக்கு நானும் உடன்போனேன். வைஃபை அட்டையைத் தம் கண்முன்னால் கழற்றிய பிறகே அவர் பெட்டியை எடுத்துக்கொண்டார். அதோடு, எல்லாத் தாள்களுக்கும் தனி வட்டு ஒன்றில் நகல் வைக்கவும் கற்றுக்கொண்டார்.

கிறிஸ்துமஸ் வந்து போயிற்று. சகாயவினோத் அவ்வப்போது கணவாய் மீனோ நண்டோ கொண்டுவந்து கொடுப்பான். பார் எதுவும் கொண்டுவரவில்லை. நாமாவது கேட்போமே என்று பெஞ்சமின் தொடங்கினால், “அந்த விசிறிய எடுத்துக் காட்டவா?” என்று மனைவி அலமாரிப் பக்கம் திரும்புவார். பெஞ்சமின் அடங்கிவிடுவார். அந்த நான்கு பார்களை ஜெபமாலை இன்றுவரை அவனிடம் கேட்கவில்லை.