மூன்று பெயர் கண்ட டிடெக்டர்

சென்ற கிழமை பத்திரிகையின் வணிகப் பக்கத்தில் ஒரு செய்தி. வெளிநாட்டுப் பாதுகாப்புத் தளபாடக் கம்பனி ஒன்று, கடல் தாண்டிய இன்னொரு நாட்டில் சிறிய கம்பனிகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பெருத்துவிட்டதாம். வாங்கப்பட்டவற்றில் ஒரு பெயரைக் கண்டதும் எனக்கு மண்ணெண்ணெய் மணத்தது.

சிரிக்காதீர்கள். மிதிவெடி அகற்றும் நிறுவனமொன்றில் நான் களஞ்சியப் பொறுப்பாளனாக இருந்தபோது, மண்ணுக்குள் இரும்பு இருந்தால் காதில் ஒலியெழுப்பும் எங்கள் டிடெக்டர்களைச் செய்தது அந்தக் கம்பனிதான். அதை ஒரு கம்பனி வாங்கியது. வாங்கியதை இன்னொன்று வாங்கியது. ஒவ்வொரு முறையும் புதிய பெயரோடு ஸ்டிக்கர்கள் வரும். பழையதை மண்ணெண்ணெய் தொட்டுச் சுரண்டிவிட்டுப் புதியதை ஒட்டுவேன். எதிலும் திகதி எழுதாவிட்டால் எனக்கு நித்திரை வராது. யாரும் கேட்காமலே ஸ்டிக்கர் மூலையிலும் எழுதினேன்.

"என்ன தம்பி, இவளுக்குத் திரும்பவும் கலியாணமோ?" என்பார் யோகமக்கா, புதுப்பெயர் ஒட்டிய டிடெக்டரைத் தட்டி.

வெடி தேடும் பெண்களில் அவர் மூத்தவர். உடையார்கட்டில் நாங்கள் துப்புரவாக்கிய நிலத்தின் கடைசித் துண்டு அவருடைய காணி. மாரி மழைக்கு முன் முடிந்தால் கச்சான் கடலை போடலாம். முடியாவிட்டால், எங்களுக்கான நிதியும் மாரியோடு சரி. பிறகு யார் வருவார்கள் என்று சொல்ல ஆளில்லை. அதுவரை தங்கை வீட்டு விறாந்தைதான் அவருக்கு.

அந்த நேரம் பார்த்து டிடெக்டர்களின் வயர்கள் ஒவ்வொன்றாகப் பழுதாகின. புதிய உரிமையாளருக்கு எழுதினேன். பழைய மாதிரிக்கு உதிரிப்பாகம் செய்வதில்லை, புதியதை வாங்குங்கள் என்று மிக மரியாதையாகப் பதில் வந்தது. கூடவே பளபளப்பான படப்புத்தகம் ஒன்று. கவச வாகனம், ரேடார், பீரங்கி ஷெல், கடைசிப் பக்கத்தில் டிடெக்டர்.

யோகமக்கா தேநீர்க் கோப்பையோடு அதைப் புரட்டினார்.

"ஷெல் செய்யிறதும் இதைச் செய்யிறதும் இப்ப ஒரே ஆக்களோ?"

"ஓமக்கா."

"நல்லதுதானே. விதைக்கவும் அவை, கிண்டவும் அவை. நாங்கள் ரெண்டு கடைக்கு அலையத் தேவையில்லை."

எங்கள் களஞ்சியக் கொட்டிலில் எல்லோரும் சிரித்தோம். அவருடைய விரல் மட்டும் ஷெல் படத்தை விட்டு நகரவில்லை.

எங்கள் சாரதி நசீர் முல்லைத்தீவில் பழைய இரும்பு வியாபாரம் செய்த குடும்பத்து ஆள். பழுதான பொருளைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இராது.

"அண்ணை, வவுனியாவில ஒரு நிறுவனம் மூடிக்கொண்டு போகுது. அவையின்ர ஸ்டோரில இதே டிடெக்டர் பெட்டியள் கிடக்கு. கேட்டுப் பாப்பமோ?"

கேட்டோம். இயங்காதவை என்று ஓரத்தில் போட்டிருந்தவற்றைத் தந்தார்கள். வயர்கள் நன்றாகவே இருந்தன; நசீர் அவற்றைக் கழற்றி எங்கள் டிடெக்டர்களில் பொருத்தினார். ஒருவரும் சுரண்டாததால் அந்தப் பெட்டிகளில் முதல் கம்பனியின் பெயரே இருந்தது.

"பழைய மாப்பிள்ளைதான் கடைசியில உதவியிருக்கிறார்" என்றார் யோகமக்கா.

மாரி தொடங்குவதற்குள் கடைசித் துண்டும் முடிந்தது. அன்று அவர் ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்தார்.

"கேளுங்கோ தம்பி."

"ஒண்டும் கேக்கேல்லையே அக்கா."

"அதைத்தான் கேக்கச் சொன்னனான்."

முந்தாநாள் அந்தச் செய்தியைக் காட்ட உடையார்கட்டுக்குப் போனேன். வெடி எல்லையைக் காட்டிச் சிவப்புத் தலைக் கட்டைகள் நின்ற வரிசையில் இப்போது கச்சான் நிற்கிறது. எங்கள் கொட்டில் இருந்த இடத்தை இருவரும் தேடினோம். அவர் ஓரிடம் சொன்னார், நான் வேறோரிடம். டிடெக்டர்களைப் பெட்டியில் அடைத்து எங்கோ அனுப்பிவிட்டார்கள், என் திகதிகளோடு.

புறப்படும்போது வறுத்த கச்சான் தந்தார். சுற்றுவதற்குக் கையில் அகப்பட்டது நான் கொண்டுபோன வணிகப் பக்கம்தான். வீடு வந்து பிரித்தபோது எண்ணெயும் உப்பும் ஊறி, எந்தக் கம்பனி எதை வாங்கியது என்று வாசிக்க முடியவில்லை.