எஞ்சிய விதைப் பயறு

விவசாயம் பார்க்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு விவசாயம் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவன் நான். வேளாண் அலுவலராக இருந்து ஓய்வு பெற்று, வீட்டில் செய்தித்தாளைக் கடைசி வரி வரை படித்துக்கொண்டிருந்தபோது, திண்டுக்கல்லில் ஒரு அறக்கட்டளை கூப்பிட்டது. பதினோரு தொடக்கப் பள்ளிகளில் தோட்டம் போட வேண்டும், பிள்ளைகளுக்கு மண்ணை அறிமுகப்படுத்த வேண்டும் என்றார்கள். நெல் மரத்தில் காய்க்கிறது என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் நினைக்கின்றன என்பது அறங்காவலர்களின் கவலை. அப்படிப்பட்ட பிள்ளைகள் அவர்கள் வீட்டில் இருந்திருக்கலாம். நான் போன ஊர்களில் இல்லை.

முதல் பாடம் சேவுகம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில், மூன்றாம் வகுப்புக்கு. அறக்கட்டளை கொடுத்த வண்ணப் படத்தை விரித்தேன். மல்லிகைச் செடி முழுக்க மலர்ந்த பூ. உச்சி வெயிலில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே பறிக்கிறாள். முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “சார், மலந்த பெறகு பறிச்சா எவன் வாங்குவான்?” என்றாள். வகுப்பில் பாதிப் பேர் விடிவதற்கு முன்னால் மொட்டுப் பறித்துவிட்டுத்தான் பள்ளிக்கு வந்திருந்தார்கள். படத்தைச் சுருட்டி வைத்துவிட்டேன். ஆனால் அன்றைய அறிக்கையில், ‘மல்லிகை பற்றிய விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட்டது’ என்றுதான் எழுதினேன். வேறு எப்படியும் எழுத எனக்குத் தெரியாது.

தோட்டங்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், பெரும்பாலான பள்ளிகளில் தோட்டத்தைவிட ‘எங்கள் தோட்டம்’ என்ற பலகை பெரியது. பெயிண்ட் வாளியில் ஒரு துளசி, கழிப்பறைச் சுவரோரம் ஒரு சோற்றுக்கற்றாழை, நாலு வெண்டை. புகைப்படம் எடுக்கும்போது ஆசிரியர் தரையில் குப்புறப் படுத்து, கேமராவை மேல்நோக்கிப் பிடிப்பார். நாலு வெண்டையும் காடாகத் தெரியும். இந்தக் கலை எந்தப் பயிற்சியிலும் சொல்லிக்கொடுக்கப்படவில்லை; அவரவர் திறமையில் கண்டுபிடித்துக்கொண்டது.

இவர்களையெல்லாம் இளக்காரமாகப் பேசும் தகுதி எனக்கு உண்டா என்றால், இல்லை. இந்தத் திட்டத்தின் கையேட்டை எழுதியவன் நான். நாற்பது பக்கம். என் சர்வீசில் நான் கற்றுக்கொண்டது எல்லாம் அதில் இருக்கிறது. செடி வளர்ப்பதைப் பற்றி மட்டும் கொஞ்சம் குறைவு. அதில் பதினான்காவது விதி எனக்கு மிகவும் பிடித்தமானது: ‘வழங்கப்பட்ட விதைகளைத் திருப்பி அனுப்பக் கூடாது. எஞ்சிய விதைகளைக் கல்வியாண்டு முடிவதற்குள் பள்ளி அளவிலேயே முழுமையாகப் பயன்படுத்தி, பயன்பாட்டுச் சான்று அனுப்ப வேண்டும்.’ திருப்பி வந்த விதை மூட்டை கிட்டங்கியில் வண்டு விழுந்து மாவாகிப்போன பிறகும், அதைப் பற்றிய கடிதப் போக்குவரத்து உயிரோடு இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தொல்லை இனி யாருக்கும் வரக் கூடாது என்று எழுதினேன். விதை வந்தால் போக வழியில்லை. அதை எழுதி முடித்த அன்று சந்தோஷமாகத் தூங்கினேன்.

விதை எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பள்ளிக்கு ஐந்து கிலோ தட்டைப்பயறு. இரண்டு சென்ட் இடம் இருந்தாலும் ஐந்து கிலோ. இடமே இல்லாவிட்டாலும் ஐந்து கிலோ. எவ்வளவு நிலம் இருக்கிறது என்ற கேள்வி படிவத்தில் இல்லை. ஆடிப் பட்டத்துக்குக் கேட்ட விதை மாசியில் வந்தது. அதுவும் கம்பெனிப் பையில் வரவில்லை. அறக்கட்டளை பிளாஸ்டிக்கை ஒழிக்க உறுதி பூண்டிருந்ததால், கம்பெனிப் பைகளைக் கிழித்து, விதையைத் தன் சின்னம் அச்சிட்ட துணிப்பைகளில் மாற்றி அனுப்பியது. பார்க்க லட்சணமாக இருக்கும். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை மாதிரி.

சித்தையன்கோட்டையைத் தாண்டி ஒரு சின்ன ஊர். அங்கிருந்த பள்ளியின் தலைமை ஆசிரியர் நாகல் நகரிலிருந்து வருவார். ஆட்டோ, பஸ், பிறகு பொடிநடை, ஒருநாளும் தாமதித்ததில்லை. பதினோரு பள்ளிகளில் என் கையேட்டை முழுதாகப் படித்த ஒரே மனிதர் அவர்தான். முக்கியமான விதிகளின் அடியில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டிருந்தார். அவர் முட்டாள் இல்லை. முட்டாளாக இருந்திருந்தால் பையை ஒரு மூலையில் போட்டு மறந்திருப்பார்; ஒன்றும் நடந்திருக்காது.

அந்தப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளராக ஒரு பெண் இருந்தார். சமையலர் பணியிடம் காலி; ஆகவே இரண்டு வருடமாக உதவியாளரே சமைத்துக்கொண்டிருந்தார். அவரையே சமையலராக நியமிக்கும் கோப்பு வட்டார அலுவலகத்தில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. கூடத்தை மேற்பார்க்கும் அமைப்பாளரும் இல்லாததால், அவர் ஒழுங்காக வேலை பார்க்கிறார் என்று எழுத வேண்டியவர் தலைமை ஆசிரியர். இந்த வேலைக்கு வருமுன் அந்தப் பெண் கூலிக்குக் காட்டு வேலை பார்த்தவர்.

திட்டத்தின் இரண்டாம் வருடம், பங்குனியில் ஒரு நாள் நான் அந்தப் பள்ளிக்குப் போனபோது மணி பதினொன்று இருக்கும். சத்துணவுக் கூடத்துக்கு வெளியே ஒரு அண்டாவில் சிவப்புத் தண்ணீர். அதன் பக்கத்தில் கவிழ்த்த வாளிமேல் அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சோறும் குழம்பும் இறக்கி மூடி வைத்திருந்தது. ஒரு அடுப்பு மட்டும் பற்றவைக்காமல் கிடந்தது. தலைமை ஆசிரியர் தன் அறையில் இருந்து வேகமாக வந்தார்.

விஷயம் இதுதான். சாயங்காலம் அறக்கட்டளையிலிருந்து புகைப்படம் எடுக்க ஆட்கள் வருகிறார்கள். கல்வியாண்டு முடியப்போகிறது. தோட்டத்தில் ஐந்து கிலோ பயறு ஊன்ற இடம் இல்லை. திருப்பியும் அனுப்பக் கூடாது. தலைமை ஆசிரியர் யோசித்து, பயறைச் சுண்டலாக அவித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்து, ‘எங்கள் தோட்டத்தில் விளைந்தது’ என்று படம் எடுத்துவிட முடிவு செய்திருந்தார். விதையும் தீரும், சான்றும் எழுதலாம், அறங்காவலர்களும் மகிழ்வார்கள். சமையல் உதவியாளர் அவிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

“வாங்க சார். நீங்களே பாருங்க. நாலு தண்ணி மாத்திட்டேன், இன்னும் வெத்தல எச்சி மாதிரி வருது” என்றார் அவர்.

“கலர் சார். பாலிஷ் மாதிரி. கழுவுனா போயிரும்னு சொல்றேன், கேக்க மாட்டேங்கிறாங்க” என்றார் தலைமை ஆசிரியர்.

“பாலிஷாம்ல. வெதைக்குப் போட்ட மருந்து சார் அது. நான் காடு காடா ஊணுனவ. எனக்குத் தெரியாது?”

நான் அண்டாவின் பக்கத்தில் குனிந்தேன். மூக்குக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. பூஞ்சணம் வராமல் இருக்க விதையில் பூசும் மருந்து. தின்னக் கூடாது என்பதற்காகத்தான் அதற்கு அந்த ரோஸ் நிறத்தையே கொடுக்கிறார்கள். கம்பெனிப் பையில் அந்த எச்சரிக்கை அச்சாகியிருக்கும். அதைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் துணிப்பை தைத்தோம்.

அவிக்கக் கூடாது, இது நஞ்சு என்று சொன்னேன். தலைமை ஆசிரியரின் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் கை தன் போக்கில் மேசைக்குப் போய் என் கையேட்டை எடுத்து வந்தது.

“முழுமையாப் பயன்படுத்தணும்னு போட்டிருக்கு சார். நஞ்சுன்னா எங்கயாச்சும் போட்டிருக்கணும்ல. பையிலயும் இல்ல, இதுலயும் இல்ல. நீங்க எழுதுனதுதான?”

நான் எழுதியதுதான். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. உட்கார்ந்து, நிதானமாக, வழக்கமான வழியைச் சொன்னேன்: விதைத்ததாகவே சான்று எழுதிவிடுங்கள், நான் மேலொப்பம் போடுகிறேன், பையை என் ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுபோய்விடுகிறேன், யாருக்கும் சங்கடம் இல்லை. முப்பது வருடம் இதைத்தான் செய்திருக்கிறேன்; நன்றாகவே செய்திருக்கிறேன்.

அதற்குள் வேறொன்று நடந்துவிட்டிருந்தது. ‘சமையல் உதவியாளர் பணி செய்ய மறுத்து வெளியில் அமர்ந்திருக்கிறார்’ என்று தலைமை ஆசிரியர் ஒரு புகாரை எழுதி, வாளிமேல் உட்கார்ந்திருக்கும் படத்தோடு வட்டார அலுவலகத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். பதிலும் வந்துவிட்டது: விளக்கம் கேட்டு நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கவும். விதி தெரிந்தவனுக்கு அந்த ஒரு வரி போதும். சமையலர் நியமனக் கோப்பு அதோடு முடிந்தது. இருக்கிற உதவியாளர் வேலையும் உறுதியில்லை.

புகாரை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். காரணம் வேண்டும் என்றார். நஞ்சு என்று சொல்லுங்கள் என்றேன்.

“எழுத்துல குடுங்க சார். அப்படியே சேத்து அனுப்பிடறேன். நான் என்ன கெமிஸ்ட்ரியா படிச்சேன்?”

அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். வயலில் ஊன்றிப் பழகிய ஒருத்தி நாலு தண்ணீர் மாற்றிப் பார்த்து, மோந்து பார்த்துச் சொன்னது அவருக்குச் செல்லாது. நான் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் செல்லும். நாங்கள் எல்லோரும் இப்படித்தான் வளர்க்கப்பட்டோம். பிள்ளைகள் வயிற்றுக்குள் போனாலும் காகிதத்தில் வராத நஞ்சு எங்களுக்கு நஞ்சு இல்லை.

காகிதத்தை எடுத்தேன். பேனா பழக்கப்பட்ட வழியில் ஓடியது. ‘விநியோகிக்கப்பட்ட விதைகளில் சிலவற்றில் பூச்சு இருக்கக் கூடும் எனத் தெரியவருவதால், அவற்றை உணவாகப் பயன்படுத்துவது தவிர்க்கப்படலாம் எனக் கருதப்படுகிறது.’ யார் விநியோகித்தார்கள், யாருக்குத் தெரியவந்தது, யார் கருதுகிறார்கள், ஒன்றும் இல்லை. இந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு யாரும் என் வீட்டு வாசலுக்கு வர முடியாது. நல்ல வாக்கியம்.

அந்தப் பெண் எழுந்து வந்து, வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன்.

“இதுல நான் செஞ்சது சரியா தப்பான்னு எங்க சார் இருக்கு?”

இல்லை என்றேன்.

“அப்ப எனக்கு எதுக்கு இந்தக் கடுதாசி?”

தாளைக் கிழித்தேன். இரண்டாவது தாளில் இரண்டே வாக்கியம் எழுதினேன். இந்த விதை நஞ்சு பூசப்பட்டது, உண்ணக் கூடாது. இதை அவிக்க மறுத்த சமையல் உதவியாளர் செய்தது சரி. அடியில் என் பெயர் எழுதப்போனபோது அந்தப் பெண் மறுபடி பேசினார். சத்தம் கூட்டவில்லை.

“போன வருசம் பச்சப் பிள்ளைகள வரிசையா நிக்க வச்சு, கையில அள்ளிக் குடுத்து ஊணச் சொன்னீங்களே. அதுவும் இந்தக் கலர்தான். ஊணிட்டு அப்படியே சோத்துக்கு வந்து உக்காந்துச்சுக. நான்தான் ஒவ்வொண்ணாப் பிடிச்சுச் சோப்புப் போட்டு விட்டேன். அப்ப உங்களுக்குத் தெரியாதா சார்?”

தெரியும். கையுறை வேண்டும் என்று கையேட்டில்கூட எழுதியிருந்தேன், இருபத்தேழாம் பக்கத்தில். அறக்கட்டளை கையுறை வாங்கித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. எழுதியாகிவிட்டது என்றால் எனக்கு அது நடந்துவிட்ட மாதிரி. தலைமை ஆசிரியர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வாக்கியத்தை எழுதினேன்: சென்ற ஆண்டும் இதே விதையைக் குழந்தைகளின் வெறுங்கையில் கொடுத்தவன் நான். பிறகு கையெழுத்துப் போட்டேன். அந்தப் பெண், நான் கையெழுத்துப் போடும் வரைக்கும் பார்த்துவிட்டு, சோறு ஆறிப்போகிறது என்று உள்ளே போய்விட்டார். நன்றி எல்லாம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருந்தது?

கடிதம் வேலை செய்தது. வட்டார அலுவலகம் புகாரை முடித்து வைத்தது. நஞ்சைப் பற்றிப் படித்துப் பதறியதால் அல்ல, ஓய்வு பெற்ற அலுவலரின் கையெழுத்து இருந்ததால். அறக்கட்டளையின் இயக்குநர் என்னை அழைத்து நல்ல காபி கொடுத்தார். முதல் இரண்டு வாக்கியங்களைப் பற்றி அவருக்கு வருத்தமே இல்லை. “அந்த மூணாவது வாக்கியம் எதுக்கு சார்? அதை யாரும் கேக்கலையே” என்றார். ஒருவர் கேட்டார் என்றேன். யார், என்ன பதவி என்று கேட்டார். சொன்னேன். அவர் புன்னகைத்து, இன்னொரு காபி வேண்டுமா என்றார். அடுத்த ஆண்டு என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. திருத்திய கையேட்டின் பிரதி ஒன்றை மரியாதைக்காக அனுப்பிவைத்தார்கள். புதிய பதினான்காம் விதியின்படி, எஞ்சிய விதைகளை உணவாக்கக் கூடாது. அட்டையில் பசையால் ஒட்டி மயில், தேசியக் கொடி முதலிய கைவினைப் பொருள்கள் செய்ய மாணவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

படித்துவிட்டு நாலு பக்கத்துக்கு ஒரு பதில் எழுதினேன். யாருக்கு அனுப்புவது, நான் யார் என்று போட்டு அனுப்புவது என்று தெரியாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் அந்தப் பெண்ணுக்கு போன் செய்தேன். சமையலர் ஆர்டர் வந்துவிட்டது என்றார். ஸ்டோர் ரூம் சாவி இப்போது தன்னிடம்தான் என்றார். பயறு வந்ததா என்று கேட்டேன்.

“வந்துச்சு சார். முந்தாநேத்து. மயிலு ஒட்டணும்னு ஹெட்மாஸ்டரு கேட்டாரு. அதுக்குள்ள பின்னாடி ஆழமாக் குழி வெட்டி மூடிட்டேன்.”

“யாரைக் கேட்டு?”

“யாரைக் கேக்கணும்?”

சான்றில் என்ன எழுதினார்கள் என்று கேட்டேன். எனக்கு அது இன்னமும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமாக இருந்தது.

“அது அவரு பாடு சார். ஒல கொதிக்குது, வைக்கிறேன்” என்று சொல்லி வைத்துவிட்டார்.