டம்ளரில் புளித்த விதை

என் நைனா தங்கவேல் திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போகிறவர். சொந்த நிலம் கிடையாது. திருத்தணியில் எங்கள் வாடகை வீட்டு மாடியில் இருக்கும் ஏழு பெயிண்ட் டப்பாக்கள்தான் அவருடைய வயல். முன்பு அவர் கூலிக்குப் போன ஒரு கொல்லையில் நாட்டுத் தக்காளியை அழித்து வீரிய ரகம் போட்டார்கள். அன்று கீழே கிடந்த ஒரு பழத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்தார். ஒன்பது வருடமாக அதிலிருந்து விதை எடுத்து வளர்த்து வருகிறார்.

இந்த வருடம் இலைச்சுருட்டை வந்து செடிகளெல்லாம் போயின. மிஞ்சிய ஒரே பழத்தை ஒரு டம்ளரில் பிழிந்து சமையலறை மூலையில் வைத்திருந்தார். மூன்றாம் நாள் அதன்மேல் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்து நாறியது. நான் அதைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டி, டம்ளரையும் தேய்த்துக் கவிழ்த்துவிட்டேன்.

"மூலையில இருந்த டம்ளர் எங்கடி?" என்றாள் அம்மா.

"கெட்டுப்போச்சு, கொட்டிட்டேன்."

"கெட்டுப்போவலடி. வெதைக்குப் புளிக்க வெச்சிகினு இருந்தாரு. சாயங்காலம் வந்து கழுவணும்னாரு."

"வேற வெதை இருக்குதாம்மா?"

"ஏது? அந்த ஒரு பழந்தான்."

தொட்டியின் சல்லடையைக் கழற்றினேன். விதைகள் இருந்தன. ஆனால் காலையில் ரசத்துக்கு அரிந்த கடைத் தக்காளியின் விதைகளும் அதிலேயே சிக்கியிருந்தன. எல்லாவற்றையும் தட்டில் போட்டுத் தண்ணீர் விட்டேன். நாற்பது இருக்கும். எது எதுவென்று தெரியவில்லை.

சொல்லாமலே இருந்துவிடலாம். அவரும் விதைப்பார், மூன்று மாதம் தண்ணீர் ஊற்றுவார். பிறகு கடைப் பழம் காய்க்கும். தன் விதையே மாறிப்போனதாக நினைத்துக்கொள்வார். பி.காம். முடித்து இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறேன். கொட்டுமுன் அது என்னவென்று ஒரு வார்த்தை கேட்க எனக்கு ஏன் தோன்றவில்லை?

சாயங்கால ரயிலில் வந்தவரிடம், செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன். அவர் கை கழுவிக்கொண்டு வந்து தட்டின் முன் உட்கார்ந்தார்.

"மூணாம் நாள் வரைக்கும் இருந்துச்சா?"

"ஆங், நைனா."

"அப்போ மேல இருக்கிற வழவழப்பு போயிருக்கும். கடை வெதை இன்னும் வழுக்கும்."

ஒரு விதையை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டினார். இன்னொன்றை எடுத்தார். மறுபடியும் முதல் விதையையே எடுத்தார்.

"கத்தி புடிச்சிப் புடிச்சி வெரலு மரத்துப்போச்சி. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கீது. நீ பாரு மோனிகா."

நான் உருட்டினேன். வழுக்கியது, தள்ளிவைத்தேன். அடுத்ததும் வழுக்கியது. வரிசையாக ஒன்பது வழுக்கின. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். பத்தாவது சொரசொரப்பாக இருந்தது.

"இது."

அவர் ஒரு காகிதத்தை நீட்டினார். அப்படிப் பதினோரு விதைகள் தேறின. கடைசி விதையை நெடுநேரம் உருட்டினேன். வழுக்குவது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. அதையும் சேர்த்தால் பன்னிரண்டு. அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியல நைனா."

"தெரியலன்னா தனியா வெய்யி," என்று இன்னொரு காகிதத்தைக் கிழித்தார்.