திரிந்துபோன அறுபது கிலோ

முகக்கிரீம் கம்பெனியில் கிரீம் கலக்கும் தொட்டியை உலர்ந்த துணியால் துடைப்பது பெரியக்காவின் வேலை. வேறு யாரையும் கிட்டே விடமாட்டாள். சிலிகான் பசை ஒட்டிய பாத்திரத்தில் முதலில் தண்ணீர் பட்டால் போதும், வழவழவென்று பரவி உயிரை வாங்கிவிடும். பதினெட்டு வருஷம் அதில் புழங்கியதில் அவள் விரல்ரேகையே தேய்ந்துவிட்டது.

"திருடப் போனா நீங்க மாட்டவே மாட்டீங்கக்கா," என்பாள் டப்பா அடைக்கும் பெண்.

"திருட நேரம் எங்கடி இருக்கு?"

தம்பியை ஆறு மாதம் முன்புதான் இங்கே சேர்த்துவிட்டாள். மூன்று இடங்களில் அடிதடி செய்து வேலையை இழந்தவன். இவள் முகத்துக்காக முதலாளி எடுத்துக்கொண்டார்.

எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் கிரீமைக் கெட்டியாகப் பிடித்து நிறுத்துவது அந்தப் பசைதான். ஆனால் தண்ணீரை நூல்போல, முக்கால் மணி நேரம் விட வேண்டும். அவள் சாப்பிடப் போன நேரத்தில் தம்பி வாளியோடு கவிழ்த்துவிட்டான். அறுபது கிலோவும் திரிந்த பாலாய் நின்றது.

"யார் ஊத்தினது?" என்றார் முதலாளி.

"அக்காதான்," என்றான், கண்ணிமைக்காமல்.

சாப்பாட்டிலிருந்து ஓடிவந்தவள் வாயிலிருந்த சோற்றை விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "பொய் சொல்லாதடா. வாளி இன்னும் உன் கையிலதான் இருக்கு."

வாளி பறந்தது. அடுத்து, கிண்டும் எஃகுத் துடுப்பை உருவி ஓங்கி அடித்தான். அவள் புருவம் பிளந்தது. ரத்தம் கண்ணை மறைக்க, தடுமாறியவளின் வயிற்றில் உதைத்தான். இரண்டாம் முறை துடுப்பு இறங்கியபோது அவள் அவன் விரலைப் பிடித்துப் பின்னால் வளைத்தாள். மளுக்கென்ற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவன் அலறிக்கொண்டே அவள் முடியைப் பற்றித் தலையைத் தொட்டி விளிம்பில் மோதினான். மூன்று பேர் சேர்ந்து இழுத்துத்தான் பிரிக்க முடிந்தது.

ஆபீஸ் அறையில் அவள் நெற்றியில் துணியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீங்கிய கையோடு அவன் நின்றான்.

"உங்க தம்பி. நீங்க ஒரு வார்த்தை சொன்னா வச்சுக்கறேன். இல்லேன்னா இப்பவே கிளம்பட்டும்," என்றார் முதலாளி.

"சொல்லுக்கா. கோபத்துல கை நீண்டுடுச்சு. இதையும் விட்டா எனக்கு வேற இடம் ஏது?"

அம்மா போனபோது அவனுக்கு எட்டு வயது. பதினைந்தில் தட்டை விட்டெறிந்து அவள் உதட்டைக் கிழித்தான். கதவில் இடித்துக்கொண்டேன் என்று ஊருக்குச் சொன்னாள். அதற்கப்புறம் அந்தக் கதவில் எத்தனை தடவை இடித்துக்கொண்டாளோ!

"வேண்டாங்க. இவன் இருந்தா ஒருநாள் யாராவது செத்துடுவாங்க. அனேகமா நான்தான்," என்றாள்.

அவன் காறித் துப்பினான். "நீயெல்லாம் ஒரு அக்காவா?"

அவள் பார்வை அவன் கையில் நின்றது.

"அந்த விரலை மடக்க முடியுதாடா?"

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு அவன் வெளியே போனான்.